அட்டையில் என் பெயர்

என் பிள்ளைக்கு,

நீ விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அங்கே எல்லாம் கடையில் கிடைக்கும் என்று நீ சொல்லியும் கேளாமல் அம்மா நேற்று மிளகாய்த்தூள் இடித்து, மூன்று பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டி வைத்துவிட்டார். வளரும் நாடுகளின் ஆட்கள் ஒன்றுகூடி, செயற்கை நுண்ணறிவு எங்கள் எழுத்தை எடுத்துக்கொள்வதற்கு என்ன சட்டம் வேண்டும் என்று பேசப்போகும் மண்டபத்துக்கு, ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு பிள்ளை போகிறாள் என்பதைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் நீ என்னிடம் கேட்ட இரண்டு பக்க வாக்குமூலத்தை என்னால் எழுத முடியவில்லை. நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் "நான் எழுதிய நூல்" என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் கை போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். இது பத்திரிகையிலும் வரவேண்டும் என்று விரும்புகிறேன். முதலில் நீ வாசி. வாசித்துவிட்டு ஓம் என்று சொன்னால் மட்டும் கொடுப்பேன்.

சித்திரை விடுமுறைக்கு வந்தபோது என் கைத்தொலைபேசியில் நீதான், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் அந்தச் செயலியைப் போட்டுத் தந்தாய். நீ கொழும்புக்குத் திரும்பிய அடுத்த நாள், சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று அதனிடம் கேட்டேன்: "பிரசாரணம் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி தமிழில் சொல்." ஒரு கணம்கூட யோசிக்காமல் அது எழுதத் தொடங்கியது. றோசி என்ற சிறுமி, தன் தாய் மீனுக்கு உப்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சற்று நேரத்தில் மீனிலிருந்து நீர் வடிந்ததாம். "மீன் ஏன் அழுகிறது?" என்று அவள் கேட்டாளாம். மீனின் உயிர்க்கலங்களுக்குள் இருந்த நீர், உப்புக் கூடிய பக்கத்துக்கு வெளியேறுவதுதான் அந்தக் கண்ணீர், அதுதான் பிரசாரணம் என்று அது முடித்தது.

நான் கதிரையை விட்டு எழுந்தேவிட்டேன். என் விஞ்ஞானக் குறிப்பு நூலின் இருபத்தேழாம் பக்கம் அது. பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ அந்த நூலை ஒளிப்பிரதி எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள்; அப்போது நான் கோபப்படவில்லை. பிரதி எடுக்காமல் இந்த மண்ணில் ஒரு பிள்ளையும் படித்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது வேறு. இங்கே நூலின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. உடனே உன்னை அழைத்து, "பிள்ளை, என்ர புத்தகத்தை அப்பிடியே களவெடுத்திட்டாங்கள்" என்று கத்தினேன். உன் குரலில் வந்த உற்சாகம் இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா, இதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தனாங்கள். பெரிய நாடுகளில பத்திரிகைக்காரர் வழக்குப் போடுவினம், ஒப்பந்தம் எழுதுவினம். எங்கட ஆக்களிட்ட ஆர் வந்து கேட்டவை? வன்னியில யுத்தத்துக்குள்ள படிப்பிச்ச ஒரு வாத்தியாற்ற புத்தகம் எண்டு நான் அங்க எடுத்துச் சொன்னால், ஒருத்தராலயும் மறுத்துக் கதைக்க ஏலாது." பிறகு கேட்டாய்: "அந்த மீன் கதை உங்களுக்கு எப்பிடி வந்ததெண்டும் எழுதுங்கோ அப்பா."

அது எனக்கு வந்த கதை அல்ல.

உடையார்கட்டில் நாங்கள் இருந்த மாதங்கள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பன்னிரண்டு வயது. பாலை மரத்தின் கீழே தறப்பாள் கட்டி, இடம்பெயர்ந்து வந்த நான்கைந்து பாடசாலைகளின் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி நாங்கள் படிப்பித்தோம். அங்கேதான் சூசைதாசன் எனக்குப் பழக்கமானார். நாயாற்றைச் சேர்ந்தவர். தகப்பன் கடற்தொழிலாளி. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவர் அவர்தான். நானும் அவரும் விஞ்ஞானம். நான் பாடநூலில் உள்ளதைப் பிழையில்லாமல் கரும்பலகையில் எழுதும் ஆசிரியன். அவருக்குப் பாடநூலே இல்லை. ஓடி வந்த வழியில் எல்லாம் விடுபட்டுப் போயிற்று. அதனால் தன் தலைக்குள் இருந்ததை ஒரு கொப்பியில் தானே எழுதினார். வள்ளம் ஏன் மிதக்கிறது, களப்பில் இறால் எப்போது பெருகும், வலையின் முடிச்சு ஏன் நனைந்தால் இறுகும் என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் கண்ணால் கண்ட பொருளிலிருந்தே தொடங்குவார். கரும்பலகையில் அவர் கீறும் மீனுக்கு இரண்டு கண்ணீர்த்துளி இருக்கும். பின்வரிசைப் பிள்ளைகள்கூட சிரித்துவிட்டு எழுதிக்கொள்வார்கள். நான் என் வகுப்பை முடித்துக்கொண்டு போய் மரத்தின் மறுபக்கத்தில் நின்று கேட்பேன். மரியாதையோடு கேட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை, பொறாமையும் இருந்தது.

றோசி அவருடைய மகள். ஒன்பது வயது. உனக்கு அவளைத் தெரியும். உன்னுடைய நீல ரிபனைக் கேட்டு வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு போனவள்.

மழை தொடங்கியபோது சூசைதாசன் கொப்பியைக் கொண்டு வந்தார். "மாஸ்டர், எங்கட கொட்டில் ஒழுகுது. உங்கட ட்ரங்குப் பெட்டிக்குள்ள இதை வைச்சிருங்கோ. ஊருக்குத் திரும்பேக்க வாங்கிறன்" என்றார். இரண்டு மூன்று கிழமைகளில் நாங்கள் ஒரு பக்கமாகவும் அவர்கள் ஒரு பக்கமாகவும் ஓடினோம். கடற்கரையை நோக்கிப் போன அந்த நாட்களில் றோசியும் தகப்பனும் ஒரே எறிகணையில் போய்விட்டார்கள் என்று முகாமில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன். ட்ரங்குப் பெட்டியை வழியில் விட்டுவிட்டேன். கொப்பியை மட்டும் உன் உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தேன். அதைக் காப்பாற்றியது நான்தான் என்ற எண்ணம் அப்போதே என்னுள் விழுந்துவிட்டது. பிறகு நான் செய்த அநியாயம் எல்லாம் அந்த எண்ணத்தில்தான் வளர்ந்தது.

மீளக் குடியேறிய பிறகு பிள்ளைகளிடம் ஒரு நூலும் இல்லை. அந்தக் கொப்பியிலிருந்து படிப்பித்தேன். பரீட்சையில் எங்கள் பாடசாலை முதன்முறையாக நல்ல பெறுபேறு எடுத்தது. இதை அச்சிடுங்கள் என்று அதிபரே சொன்னார். சூசைதாசனின் எழுத்தை நான் ஒழுங்குபடுத்தினேன், பாடத்திட்டத்துக்கு ஏற்றபடி அடுக்கினேன், கேள்விகள் சேர்த்தேன். அதெல்லாம் என் உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் உயிருள்ள பக்கங்கள் ஒவ்வொன்றும் அவருடையவை. அச்சகத்தில் அட்டைக்குப் பெயர் கேட்டார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா அன்றைக்கே கேட்டார்: "சூசையற்ற பேரை எங்க போட்டிருக்கிறியள்?" நான் சொன்னேன்: "பிள்ளையளுக்காகத்தானே செய்யிறன். ஆற்ற பேர் இருந்தா என்ன?" அதன்பின் அந்த நூலை அவர் ஒருநாளும் கையில் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அது உனக்கும் எனக்கும் இடையில் உள்ளது. உனக்குப் பதினான்கு வயதில், கட்டுரைப் போட்டிக்கு ஒரு பழைய சஞ்சிகையைப் பார்த்து எழுதிக் கொடுத்தாய் என்று உன் ஆசிரியை முறையிட்டார். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். "மற்றவன்ர எழுத்தில கை வைக்கிறது களவு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். நீ அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த நேரம் மேசையில் கிடந்த தாள்கள், என் நூலின் முதல் பதிப்புக்கான அச்சுப்பிழை திருத்தும் படிகள். பிறகு நீ சட்டம் படித்தாய். அதிலும் பதிப்புரிமையைத் தேர்ந்தாய். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் அந்த அறையைச் சொல்வாய் என்ற பயம்.

நூல் வந்து இரண்டாம் ஆண்டு றெஜினா பாடசாலைக்கு வந்தாள். சூசைதாசனின் மனைவி. கையில் என் நூல். நாயாற்றில் யாரோ ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்ததை வாங்கி வந்திருந்தாள். காரியாலயத்துக்குள் வரச் சொன்னேன்; வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றபடி இருபத்தேழாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.

"மாஸ்டர், இது அவர் கீறின மீனெல்லே?"

"ஓம் தங்கச்சி."

"றோசியின்ர பேரும் இருக்குது."

"ஓம்."

"அவற்ற பேரைத்தான் காணேல்லை."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த பதிப்பில கட்டாயம் போடுறன் தங்கச்சி" என்றேன். அவள் தலையாட்டினாள். மோர் கொடுத்தேன், குடித்தாள். அடுத்த பதிப்பு வந்தது. அதற்கு முந்திய மாதம்தான் எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி, நூலாசிரியர் என்று பேசியிருந்தார்கள். அதன்பின் இன்னொரு பெயரைச் சேர்த்தால் ஊர் என்ன கதைக்கும் என்று யோசித்தேன். மூன்றாம் பதிப்பும் அப்படியே போயிற்று. றெஜினா திரும்ப வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது அந்த வாக்குமூலத்தோடு மேசையில் இருந்தபோது, நான் இயந்திரத்தின்மேல் சுமத்த நினைத்த குற்றங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். கேட்காமல் எடுத்தது. எடுத்த இடத்தைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்மை என்று காரணம் சொன்னது. எழுதியவன் இல்லாத துணிவில் எழுதியது. எழுதி முடித்து வாசித்தால் அதில் என்னைத்தான் கண்டேன். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டேன்.

பரந்தனில் மாறி, உடையார்கட்டைத் தாண்டும்போது எந்த மரம் என்று தேடினேன். தெரியவில்லை. கடைகள் வந்துவிட்டன. முல்லைத்தீவில் இறங்கி இன்னொரு பஸ் எடுத்து நாயாற்றுக்குப் போய்ச் சேர பத்து மணி. றெஜினா கடற்கரையில் மீன் சேர்க்கும் வாடியில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியை நான் எப்படி வைத்திருந்தேன், அச்சகத்தில் என்ன சொன்னேன், அவளுக்குக் கொடுத்த வாக்கை இரண்டு பதிப்பிலும் எப்படி விழுங்கினேன் என்று.

"எல்லாம் தெரிஞ்சதுதானே மாஸ்டர்," என்றாள். "நீங்கள் சொல்லுவியளோ எண்டுதான் தெரியாமலிருந்தது."

பிறகு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். உலகத்தில் எங்கிருந்து கேட்டாலும் அது றோசியின் பெயரைச் சொல்லுகிறது என்றேன். அவள் முகம் மாறியது. "எங்க, ஒருக்கா சொல்லச் சொல்லுங்கோ பாப்பம்" என்று என் பக்கத்தில் வந்து நின்றாள். மகளின் ஒரு படம்கூட அவளிடம் இல்லை, பிள்ளை. எல்லாம் போய்விட்டது. நான் அதே கேள்வியைக் கேட்டு, வாசித்துக் காட்டும் பொத்தானை அழுத்தி, ஒலியைக் கூட்டினேன். அது தெளிவான தமிழில் பேசியது: "மீனா என்ற சிறுமி..."

"மீனாவோ?" என்றாள் றெஜினா. "றோசியெண்டெல்லே சொன்னனீங்கள்?"

திரும்பக் கேட்டேன். இந்த முறை அது ராணி. மூன்றாம் முறை பெயரே இல்லை. ஒரு மீனவரின் மகள். நான்காம் முறை மீன் போய், உப்பில் ஊறவைத்த மாங்காய் வந்தது. இன்னொரு முறை அழுத்தப் போன என் கையை அவள் தடுத்தாள். "விடுங்கோ மாஸ்டர். அதைப் போட்டுக் கஷ்டப்படுத்தாதேங்கோ. அதுக்கு அவளைத் தெரியாது." பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றாள்.

பெயர் ஏன் மாறி மாறி வருகிறது என்று மட்டும் வீடு திரும்பியபின் உன்னைக் கேட்டபோது நீ விளக்கினாய். அது நூலைத் தன்னுள் வைத்திருந்து எடுத்து வாசிப்பதில்லை. கோடிக்கணக்கான எழுத்தைத் தின்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்கிறது. முதல் நாள் றோசி வந்தது தற்செயல் என்றாய். எனக்கு அது விளங்குகிறது. ஒரு தாயிடம் அதை எப்படி விளக்குவது என்றுதான் விளங்கவில்லை.

நீ அந்த மண்டபத்தில் பேசும்போது இதை நினைத்துக்கொள். எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே. புத்தகக் கடை இல்லாத ஊரில் நாங்கள் பிரதியால்தான் பிழைத்தோம். அந்தக் கதவை ஏழைப் பிள்ளைகளுக்கு மூடுகிற சட்டம் எங்களுக்கு வேண்டாம். தமிழ் தெரியாத இயந்திரமும் எங்களுக்கு உதவாது. நீ கொண்டுபோகும் வரைவை நான் இரண்டு முறை வாசித்தேன். நல்ல வரைவு. எழுத்தாளரின் சம்மதத்தைக் கேட்கவேண்டும், நட்டஈடு கொடுக்கவேண்டும் என்கிறது. ஆனால் யாரிடம் கேட்பது, யாருக்குக் கொடுப்பது என்ற இடத்தில் அட்டையில் உள்ள பெயர் என்கிறது. உன் சட்டம் நாளைக்கே நிறைவேறினால், அந்த நியாயம் நேராக ஸ்கந்தபுரத்துக்கு, என் வீட்டுக்குத்தான் வரும். நாயாற்றுக்குப் போகாது. யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட நாடுகளில் எழுதியவன் ஒருவன், அச்சிட்டவன் இன்னொருவன். எரிந்த கொப்பிகளுக்குப் பதிவேடு இல்லை. வாய்ச்சொல்லாக வந்ததற்கு அட்டையே இல்லை. பெரிய நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. இப்படிப்பட்டவர்கள் வந்து "இது எங்களுடையது" என்று சொல்ல ஒரு வழி, அதைக் கேட்க ஒரு ஆள், சாட்சியை ஏற்க ஒரு முறை இருக்கவேண்டும் என்று சொல். அதற்குச் சான்று கேட்டால் உன் தகப்பனின் பெயரைச் சொல். பாதிக்கப்பட்டவன் என்று அல்ல. எடுத்தவன் என்று.

என் பங்குக்கு, அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். இனி வரும் பதிப்பின் அட்டையில் சூசைதாசனின் பெயர்தான். உள்ளே சிறிய எழுத்தில் தொகுத்தவர் என்று என் பெயர். இணையத்தில் சுற்றும் பழைய பிரதிகளைத் திருத்த என்னால் முடியாது. இயந்திரம் தின்றதையும் திரும்ப எடுக்க முடியாது என்கிறாய். ஆக, பிந்திப்போன திருத்தம்தான் இது. நீ என்மேல் கோபமாக இருந்தால் அந்தக் கோபத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போ. அங்கே அது உனக்கு உதவும்.

நாயாற்றில் நடந்த ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் புறப்படத் திரும்பியபோது றெஜினா நான் கொண்டுபோயிருந்த நூலைக் கேட்டாள். இருபத்தேழாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "மீன் ஏன் அழுகிறது?" என்ற இடத்தில் அவள் மெல்லச் சிரித்தாள்.

"அவள் அப்பிடிக் கேட்கேல்லை மாஸ்டர். இவர் பாடத்துக்காக மாத்தி எழுதினவர். அண்டைக்கு நான்தானே உப்பு வைச்சுக்கொண்டிருந்தனான். என்ர மடியில சாய்ஞ்சுகொண்டு அவள் கேட்டது வேற."

என்ன கேட்டாள் என்று எனக்குச் சொன்னாள். ஒரு சின்னக் கேள்வி. ஐந்து சொற்கள். கேட்டுவிட்டு நான் கதிரையில் இருந்துவிட்டேன், பிள்ளை. அறுபத்தெட்டு வயதில், இறால் பெட்டிகளுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க அழுதேன். கண்ணைத் துடைத்த பிறகு, பழக்கதோஷத்தில் கை சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டு, என் வாழ்நாளில் முதன்முறையாக அந்தக் குடும்பத்திடம் கேட்டேன்:

"இதை நான் எழுதலாமோ தங்கச்சி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மற்றதெல்லாத்தையும் எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ. இது வேண்டாம் மாஸ்டர். இது என்னோட இருக்கட்டும்."

நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.

அப்பா